‘புரியாத ஒலிகள்’ என்று எழுதியிருந்தார்கள்

மகனுக்குப் பள்ளியில் என்னென்ன உதவி என்று முடிவு செய்கிற முதல் ‘ஆர்டு’ மீட்டிங் முடிந்து வெளியே வந்து காரில் உட்கார்ந்தோம். கணவர் வண்டியைக் கிளப்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நாம அங்க என்ன சொன்னோம்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ‘தாங்க்யூ’ சொன்னோம். பல முறை சொன்னோம். வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

மகனுக்கு அப்போது மூன்று வயது இரண்டு மாதம். ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது. டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே, நம் ஊர்க்காரர்கள் நிறைய பேர் குடியிருக்கிற ஒரு புறநகரில் வாடகை வீட்டில் இருந்தோம். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் நல்லது என்று கேள்விப்பட்டுத்தான் அந்த ஊருக்கே வந்திருந்தோம். டிஸ்ட்ரிக்ட் என்றால் இங்கே கலெக்டர் ஆளும் மாவட்டம் இல்லை. பள்ளிகளை நடத்துவதற்கென்றே உள்ள தனி அமைப்பு அது. அதற்குத் தனியாகத் தேர்தல், வீட்டு வரியில் தனியாகப் பங்கு. அந்த எல்லைக்குள் வசிக்கிற குழந்தைக்கு ஏதாவது குறைபாடு இருந்தால், மூன்று வயது முடிந்த நாளிலிருந்து அதன் படிப்புக்கு அந்த டிஸ்ட்ரிக்ட்தான் பொறுப்பு. கட்டணம் கிடையாது.

நீள மேசை. அந்தப் பக்கம் ஏழு பேர்: துணை முதல்வர், சிறப்பு ஆசிரியர், சாதாரண வகுப்பு ஆசிரியர், ஸ்பீச் தெரபிஸ்ட், கை வேலைக்கும் அன்றாடப் பழக்கங்களுக்கும் பயிற்சி தருகிற ஓ.டி., பள்ளி உளவியலாளர், பரிசோதனை செய்த டயக்னோஸ்டிஷியன். இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர். சுவரில் பெரிய திரை, அதில் 34 பக்கம் ஓடியது. ஐம்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் ‘சம்மதம்’, ‘சம்மதமில்லை’ என்று இரண்டு கட்டம். சம்மதத்தில் டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டோம். அவர்கள் யாரும் எங்களை அதட்டவில்லை, அவசரப்படுத்தவில்லை. எல்லோரும் இனிமையாகத்தான் பேசினார்கள். அந்த இனிமையில்தான் எனக்கு வாய் வரவில்லை. மாதா, பிதா, குரு, தெய்வம் என்று கேட்டு வளர்ந்த எனக்கு, ஏழு குருமார் உட்கார்ந்து என் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது குறுக்கே பேசலாம் என்று தோன்றவே இல்லை.

மற்ற மாநிலங்களில் ஐ.இ.பி. மீட்டிங் என்பார்கள். தனிப்பட்ட கல்வித் திட்டம். டெக்சாஸில் அந்தக் குழுவுக்கு ஏ.ஆர்.டி. என்று பெயர்: சேர்த்துக்கொள்வது, மறுபடி பார்ப்பது, விடுவிப்பது. எல்லோரும் சேர்த்து ‘ஆர்டு’ என்றே சொல்கிறார்கள். இந்தக் குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்று அமெரிக்க மத்தியச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. நான் அதைப் படித்தது ஒரு வருடம் கழித்துத்தான். பட்டியலில் முதலில் வருவது ஆசிரியர் இல்லை, அதிகாரி இல்லை. குழந்தையின் பெற்றோர். ஆக, அந்த மேசையில் நாங்கள் விருந்தாளிகள் இல்லை. குழுவின் முதல் உறுப்பினர்களே நாங்கள்தான். இது தெரியாமல் ஒரு வருடத்தை வீணாக்கியதில் என் மகன் இழந்தது என்ன என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த நாற்காலி எங்களுக்குச் சும்மா கிடைத்ததும் இல்லை. 1970களின் தொடக்கம் வரை இந்த நாட்டின் பல மாநிலங்களில் மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளையை ‘படிக்க லாயக்கில்லை’ என்று பள்ளி வாசலிலேயே திருப்பி அனுப்பச் சட்டமே இடம் கொடுத்தது. குறைபாடுள்ள குழந்தைகளில் ஐந்தில் ஒருவர்தான் பள்ளிக்குப் போனார்கள். பென்சில்வேனியாவில் அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள் சங்கமாகச் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். வாஷிங்டனில் இன்னொரு வழக்கு. இரண்டிலும் 1972-இல் பெற்றோர் பக்கம் தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் 1975 நவம்பர் 29-ஆம் தேதி, குறைபாடுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி என்ற சட்டத்தில் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்துப் போட்டார். 1990-இல் அதற்கு, ஆங்கிலச் சுருக்கத்தில், ‘ஐடியா’ (IDEA) என்று பெயர் மாறியது. 2022–23 கல்வியாண்டில் இந்தச் சட்டத்தின் கீழ் 75 லட்சம் பிள்ளைகள் சேவை பெற்றார்கள். அரசுப் பள்ளி மாணவர்களில் அது சுமார் 15 சதவீதம்.

ஃபோர்டு கையெழுத்துப் போடும்போதே, இந்தச் சட்டம் மத்திய அரசால் கொடுக்க முடிவதைவிட அதிகமாக வாக்குக் கொடுக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார். கூடுதல் செலவுக்கு ஈடாக, ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு கொடுக்கும் என்று பேச்சு. அரை நூற்றாண்டு ஆகியும் இன்று அதில் பாதிகூட வருவதில்லை. மீதியை மாநிலமும் டிஸ்ட்ரிக்டும் போட வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணி எண்ணிக் கொடுப்பதற்கு இது ஒரு காரணம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கை இறுக்கமான வீட்டில் பரிமாறுகிறவர்கள்.

டெக்சாஸில் இறுக்கம் இதையும் தாண்டிப் போனது. 2004-இல் மாநிலக் கல்வி முகமை, ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலும் சிறப்புக் கல்வி பெறுகிறவர்கள் 8.5 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்று ஓர் அளவுகோல் வைத்தது. மேலே போனால் தணிக்கைத் தொல்லை. அப்போது மாநிலத்தில் 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்த எண்ணிக்கை, பத்துச் சொச்சம் வருடத்தில் ஏறக்குறைய சரியாக 8.5-க்கு இறங்கிவிட்டது. பிள்ளைகளுக்கு ஒன்றும் குணமாகிவிடவில்லை. கதவைத்தான் ஒடுக்கினார்கள். 2016-இல் ஹூஸ்டன் க்ரானிக்கிள் பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்தது. 2017-இல் அப்படி உச்சவரம்பு வைக்கக் கூடாது என்று மாநிலச் சட்டசபை சட்டம் போட்டது. 2018 ஜனவரியில் மத்தியக் கல்வித் துறை, டெக்சாஸ் சட்டத்தை மீறியது என்று எழுதியே கொடுத்தது.

இதை எனக்குச் சொன்னது இருபது வருடமாக இந்தப் பக்கத்தில் இருக்கிற ஓர் அக்கா. அவர் மகன் அந்தக் காலத்துப் பிள்ளை. வேறு ஒரு டிஸ்ட்ரிக்ட். ‘வீட்டில் வேறு மொழி பேசுகிறீர்கள், அதனால் தாமதம், பொறுங்கள்’ என்று மூன்று வருடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த அளவுகோல்தான் காரணமா என்று இன்று யாராலும் நிரூபிக்க முடியாது. அவர் பொறுத்துக்கொண்டார் என்பது மட்டும் நிச்சயம். "இந்தா பாரும்மா, நான் மரியாதையா இருந்தேன். என் பிள்ளைக்கு மூணு வருஷம் போச்சு. நீ காகிதத்தை எடுத்துப் படி" என்றார்.

படித்தேன்.

எங்களுக்கும் மொழி விஷயத்தில் ஒரு கதை இருந்தது. பள்ளியில் சேருவதற்கு முன்பே ஒரு நிபுணர், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி என்றால் இவனுக்குக் குழப்பம் என்று சொல்லியிருந்தார். பிள்ளை பேச வேண்டுமே என்கிற பயம் எதையும் செய்ய வைக்கும். மறுநாளிலிருந்து தமிழை நிறுத்தினேன். பதினொரு மாதம். என் ஆங்கிலம் கடைக்கும் வங்கிக்கும் போதும். குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது, தூங்க வைக்கும்போது என்ன பேசுவது? "ஈட்", "கம்", "நோ" என்று மூன்று நான்கு சொல்லோடு என் பேச்சு நின்றுபோனது. தாலாட்டு நின்றது. கோபம் வந்தால்கூடத் திட்ட வார்த்தை இல்லாமல் சும்மா இருந்தேன். ஊரில் அம்மா வீடியோ காலில், "ஏண்டி, பேரன் என்கிட்ட முகமே கொடுக்க மாட்டேங்கிறான்" என்று அழுதார். பாட்டியிடம் தமிழில் பேச விடாமல் அவனைத் திரைக்கு முன்னாலிருந்து நகர்த்தியது நான்தான்.

அந்த அறிவுரை தவறு. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் அதிகமாவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிலும் காட்டவில்லை. குழந்தையோடு நிறையப் பேச வேண்டும், இயல்பாகப் பேச வேண்டும். எந்த மொழி பெற்றவருக்கு நெஞ்சிலிருந்து வருகிறதோ அதில்தான் நிறையவும் இயல்பாகவும் பேச முடியும். அமெரிக்காவில் இருக்கிற எத்தனையோ தமிழ் வீடுகளில் இன்றைக்கும் யாராவது ஒருவர் இதே அறிவுரையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். கேட்காதீர்கள். உங்கள் பிள்ளையோடு உங்கள் மொழியில் பேசுங்கள்.

சரி, காகிதத்துக்கு வருகிறேன். முதல் மதிப்பீட்டு அறிக்கையின் ஸ்பீச் பகுதியில் இப்படி எழுதியிருந்தார்கள்: குழந்தைக்குச் சுமார் பத்துச் சொற்கள் இருக்கின்றன, மற்றபடி புரியாத ஒலிகளை எழுப்புகிறான். அதற்குக் கீழே, பரிசோதனையின்போது அவன் எழுப்பிய ஒலிகள் சிலவற்றை அந்த ஸ்பீச் தெரபிஸ்ட் பெண் கேட்டபடியே, எழுத்துக் கூட்டி, கவனமாகக் குறித்து வைத்திருந்தார். முதல் முறை அதை நான் வாசிக்கவே இல்லை. ஒரு வருடம் கழித்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்த ஆங்கில எழுத்துகளை வாய்விட்டு உச்சரித்துப் பார்த்தேன்.

‘வேணாம்.’ அடுத்தது ‘தூக்கு.’ அதற்கடுத்தது ‘அம்மா வா.’

அவன் பரிசோதனை அறையில் என்னைக் கூப்பிட்டிருக்கிறான். தூக்கச் சொல்லியிருக்கிறான். வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறான். எல்லாம் புரியாத ஒலிகள் என்று பதிவாகி, அதை வைத்து ஒரு மதிப்பெண் போட்டு, அந்த மதிப்பெண்ணை வைத்து ஒரு திட்டம் போட்டு, அதில் நான் சம்மதம் என்று டிக் அடித்திருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை.

குழந்தையை அதன் சொந்த மொழியில், அதற்கு என்ன தெரியும் என்பது சரியாக வெளிப்படுகிற விதத்தில் சோதிக்க வேண்டும் என்று அதே ஐடியா சட்டம் சொல்கிறது. டிஸ்ட்ரிக்ட் செய்த மதிப்பீட்டைப் பெற்றோர் ஏற்கவில்லை என்றால், வெளியார் ஒருவரைக் கொண்டு சுதந்திரமான மதிப்பீடு கேட்கலாம். டிஸ்ட்ரிக்ட் ஒன்று அதற்குப் பணம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் தன் மதிப்பீடு சரிதான் என்று விசாரணை அதிகாரி முன்னால் தானே போய் நிரூபிக்க வேண்டும். நடுவில் வேறு வழி இல்லை. ஏன் ஏற்கவில்லை என்று பெற்றோர் காரணம் சொல்ல வேண்டும் என்றுகூடக் கட்டாயம் கிடையாது.

ஒரு ஈமெயில் எழுதினேன். ஐந்து வரி. வாயால் கேட்டது காற்றோடு போய்விடும், எழுத்தில் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தார். இது உண்மை. டெக்சாஸில் மதிப்பீடு வேண்டும் என்று எழுத்தில் கேட்டால் 15 பள்ளி நாட்களுக்குள் டிஸ்ட்ரிக்ட் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் ஏன் மறுக்கிறோம் என்று எழுத்தில் தர வேண்டும். முதல் முறை மதிப்பீடு என்றால், நீங்கள் கையெழுத்திட்ட பிறகு பொதுவாக 45 பள்ளி நாட்களுக்குள் அறிக்கை முடிய வேண்டும். ‘முதலில் வகுப்பிலேயே கொஞ்சம் கூடுதல் உதவி கொடுத்துப் பார்ப்போம், அப்புறம் மதிப்பீடு’ என்று இழுப்பது எல்லா மாநிலத்திலும் உண்டு. அப்படி இழுத்து மதிப்பீட்டைத் தாமதிக்கக் கூடாது என்று 2011-இலேயே மத்தியக் கல்வித் துறை எல்லா மாநிலங்களுக்கும் எழுதிவிட்டது. இந்த வரியை மட்டும் யாராவது எடுத்துக்கொண்டால் போதும்.

பதில் ஒன்பதாம் நாள் வந்தது. ஸ்பீச் மதிப்பீட்டை மறுபடி செய்கிறோம், இந்த முறை தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு செய்கிறோம் என்றார்கள். பிடிவாதமாக வெளியாளே வேண்டும் என்று நின்றிருக்கலாம். ஆனால் தமிழ் தெரிந்த ஸ்பீச் தெரபிஸ்ட் யாரும் பக்கத்தில் எங்களுக்கு அகப்படவில்லை. ஒப்புக்கொண்டேன். அதே தெரபிஸ்ட்தான் வந்தார். மடிக்கணினியில், வேறு ஏதோ ஊரிலிருந்து மொழிபெயர்ப்பாளர் அம்மா. "ராசா, இது என்ன சொல்லு பாப்போம்?" என்று அவர் கேட்டதும், தரையில் குனிந்து கார் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த என் மகன் நிமிர்ந்தான். அந்த அறையில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூட நிமிர மாட்டான். தெரபிஸ்ட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தார். இரண்டு நாள் பரிசோதனை முடிவில் தமிழில் 41 சொல், ஆங்கிலத்தில் 19. இத்தனைக்கும் நான் பதினொரு மாதம் தமிழை நிறுத்தி வைத்த பிள்ளை. ‘உங்களிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும்’ என்று அந்தப் பெண் சொன்னார். சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை, கண் கலங்கிச் சொன்னார்.

இரண்டாம் வருட ஆர்டு மீட்டிங்குக்கு நான் கால்குலேட்டரோடு போனேன். இங்கே சேவையை நிமிடத்தில் எழுதுவார்கள். ‘ஸ்பீச்: ஒன்பது வாரத்தில் 8 முறை, முறைக்கு 20 நிமிடம்’ என்று இருக்கும். பார்த்தால் நிறைய மாதிரித் தெரியும். மொத்தம் 160 நிமிடம். ஒன்பதால் வகுத்தால் வாரத்துக்கு 18 நிமிடம்கூட இல்லை. அதுவும் தனியாகவா, நான்கு பேர் சேர்ந்த குழுவிலா? நேரடியாகப் பிள்ளையோடா, இல்லை ஆசிரியருக்கு ஆலோசனை சொல்வதையும் சேர்த்தா? ஒவ்வொன்றையும் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது. கேட்காததால்தான் போன வருடம் யாரும் சொல்லவில்லை.

அப்புறம் இலக்குகள். நான்கில் மூன்று போன வருடத்து வாசகமே, எழுத்து மாறாமல். சதவீதம் மட்டும் 60 என்பது 70 ஆகியிருந்தது. கொலராடோவில் எண்ட்ரூ என்ற பையனுக்கும் இதுதான் நடந்தது. அவனுக்கும் ஆட்டிசம். நான்காம் வகுப்பு வரை வருடா வருடம் ஏறக்குறைய அதே இலக்குகள். பெற்றோர் அவனைத் தனியார் பள்ளிக்கு மாற்றினார்கள், அங்கே தேறினான், கட்டணத்தைக் கேட்டு டக்லஸ் கவுன்டி டிஸ்ட்ரிக்ட் மேல் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றங்கள், ஏதோ கொஞ்சம் முன்னேற்றம் இருந்தால் போதும் என்றன. 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அதை மறுத்தார்கள். குழந்தையின் சூழ்நிலைக்கு ஏற்ற முன்னேற்றம் கிடைக்கும்படி திட்டம் இருக்க வேண்டும், பெயரளவு முன்னேற்றம் போதாது என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார். நான் மீட்டிங்கில் வழக்கின் பெயரைச் சொல்லவில்லை. போன வருடத்துத் தாளையும் இந்த வருடத்துத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சிறப்பு ஆசிரியர் பார்த்தார், துணை முதல்வர் பார்த்தார். இலக்குகளை மாற்றி எழுத இன்னொரு நாள் குறித்தார்கள். சம்மதமில்லை என்று டிக் போட வேண்டிய தேவை வரவில்லை. போட்டிருந்தாலும் பத்துப் பள்ளி நாள் அவகாசம் எடுத்துக்கொண்டு மறுபடி கூடலாம், ஒன்றும் குடி முழுகிவிடாது.

நம் ஆட்கள் பலர் இதைக் கேட்கப் பயப்படுகிறார்கள். விசாவில் இருக்கிறோமே, பெயர் அடிபடுமோ, கிரீன் கார்டுக்குத் தொந்தரவு வருமோ என்று என்னிடமே கோவில் வாசலில் ரகசியக் குரலில் கேட்டிருக்கிறார்கள். பள்ளிப் பதிவேடுகளை அப்படி யாருக்கும் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று 1974-இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளைக்குப் படிப்பை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் சொன்னது, அதுவும் டெக்சாஸிலிருந்து போன வழக்கில்தான். இன்னொரு பயம் பெரியது. ஊருக்குத் தெரிந்தால்? தங்கைக்கு வரன் பார்க்கும்போது? அதற்கு எந்த நாட்டிலும் சட்டம் கிடையாது. நான் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மூன்று வீட்டிலிருந்து இரவில் போன் வந்தது, எங்கள் பிள்ளைக்கும் அப்படித்தான் என்று.

அந்த மீட்டிங்குக்கு அடுத்த வாரம் ஓர் அட்டை எழுதிக் கொடுத்தேன். தண்ணி, பசிக்குது, வேணாம், வலிக்குது, உச்சா, தூக்கு. ஆங்கில எழுத்தில் உச்சரிப்பு, பக்கத்தில் பொருள். வகுப்பில் அவனோடு இருக்கிற உதவியாளர் அம்மாவை எல்லோரும் பாரா என்பார்கள். மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பம். சம்பளம் குறைவு, வேலை முதுகு ஒடிகிற வேலை. அவர் அட்டையை வாங்கிக் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக்குப் பின்னாலேயே செருகிக்கொண்டார். "என் பேத்தியும் வீட்டில் ஸ்பானிஷ், பள்ளியில் ஆங்கிலம்" என்றார். மூன்றாம் நாள் மாலை கார் வரிசையில் என் ஜன்னல் பக்கம் ஓடிவந்து, "இன்றைக்கு ‘வலிக்குது’ என்றான், காதைக் காட்டினான்" என்று சொன்னார். மருத்துவரிடம் போனோம். காதில் சீழ் பிடித்திருந்தது. முன்பெல்லாம் அப்படி வலித்தால் தலையைச் சுவரில் முட்டுவான். அதற்கு ‘நடத்தைப் பிரச்சினை’ என்று எழுதி அனுப்புவார்கள்.

இப்போது அவனுக்கு எட்டு வயது. பாட்டியோடு வீடியோவில் பேசுகிறான். பெரும்பாலும் ரயில் பெயர்கள்தான், ஆனால் பேசுகிறான். அடுத்த ஆர்டு மீட்டிங் மார்ச்சில். கோடை விடுமுறையிலும் ஸ்பீச் தொடர வேண்டும் என்று கேட்கப் போகிறேன். அது கிடைக்க வேண்டுமென்றால், நீண்ட விடுமுறையில் கற்றதை இழக்கிறான், பிறகு நியாயமான காலத்துக்குள் மீட்டெடுக்க முடியவில்லை என்று காட்ட வேண்டும். அந்தக் காலம் எட்டு வாரத்தைத் தாண்டக் கூடாது என்பது டெக்சாஸ் விதி. பள்ளியும் குறித்து வைக்கும், நானும் குறித்து வைக்கிறேன். அம்மா வருடா வருடம் அனுப்புகிற தினசரி காலண்டரில் அன்றன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதுகிறேன்: தண்ணீர் வேண்டும் என்று வாயால் கேட்டானா, கையைப் பிடித்து இழுத்தானா. டிசம்பர் விடுமுறைக்கு முந்தைய வாரம் ஐந்து நாளும் கேட்டான். ஜனவரி 6-ஆம் தேதித் தாளில் ‘இழுத்தான்’ என்று இருக்கிறது. 7, 8, 9 எல்லாம் அப்படியே. முதல் முறை திரும்பக் கேட்டது பொங்கல் கழித்துப் பத்தாம் நாள். தாள்களை வரிசையாக அடுக்கிக் கிளிப் போட்டு வைத்திருக்கிறேன். முன்பக்கம் ராகுகாலமும் எமகண்டமும் இருப்பதால், பின்பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.